உஷார்! வயதானவருக்குத் திடீரென்று சுகர் ஏறினால் மாத்திரையைத் தேடாதீர்கள்

போன வருஷம் ஐப்பசி அடைமழையில் ஒரு ராத்திரி, எட்டரை மணி இருக்கும். பெரியம்மா மகன் போன் பண்ணினார்.

"தம்பி, அம்மாவுக்கு சுகர் 386 காட்டுதுப்பா. அவங்களுக்கு சுகரே கிடையாதே! பக்கத்து வீட்டு மாமாவோட மெஷின்லதான் பாத்தோம். அவர் போடுற மாத்திரையில ஒண்ணு தர்றேங்கிறார். குடுத்துடவா?"

"மாத்திரை இருக்கட்டும்ணே. பெரியம்மா எப்படி இருக்காங்க?"

"ரெண்டு நாளா ஆள் சுரத்தாவே இல்ல. சாப்பாடு வேணாங்குறாங்க. காய்ச்சலெல்லாம் இல்ல, உடம்பு ஜில்லுன்னுதான் இருக்கு. இப்ப தூங்குறாங்க."

"எழுப்பிப் பேசச் சொல்லுங்க."

போனை அவர் காதருகே கொண்டுபோனார். பெரியம்மா குரல் கேட்டது. "உங்கப்பா ஆபீஸ்லேர்ந்து வந்தாச்சா? காபி கலக்கணுமே" என்றார். பெரியப்பா காலமாகிப் பதினோரு வருஷம் ஆகிறது.

உடனே 108-க்குச் சொல்லச் சொன்னேன். மருத்துவச் செய்திகளை வெகுகாலமாக எழுதிவருகிறவன் என்பதால் அந்த ஒரு வாக்கியமே எனக்குப் போதுமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது மேல் பி.பி. 84. மூச்சு நிமிடத்துக்கு 28. ரத்தப் பரிசோதனையில் ஈ.கோலை என்ற கிருமி வளர்ந்தது. சிறுநீர்ப் பாதையில் கிளம்பி ரத்தத்தில் கலந்திருந்தது. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்.பி.ஏ.1.சி. பரிசோதனையில் 5.6. அதாவது பெரியம்மாவுக்குச் சர்க்கரை நோய் கிடையாது. அண்ணன் சொன்னது சரிதான். ஐந்தாம் நாள் விடிகாலை பெரியம்மா போய்விட்டார். வயது 76.

அந்த ராத்திரி அண்ணன் கேட்ட கேள்வியை அதற்குப் பிறகு நான்கைந்து வீடுகளிலாவது கேட்டுவிட்டேன். "சுகர் ஏறியிருக்கு, மாத்திரையைக் கூட்டிடலாமா?" கேட்கிறவர்கள் எல்லாம் படித்தவர்கள், பெற்றவர்கள் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். அதனால்தான் பதறிப்போய் எழுதுகிறேன். வயதான ஒருவர் உடம்பு முடியாமல் படுத்திருக்கும்போது சுகர் திடீரென்று எகிறினால் அதைச் சர்க்கரை வியாதியின் சங்கதி என்று நினைத்து அதோடு நின்றுவிடாதீர்கள். உள்ளே எங்கேயோ தீ பிடித்திருக்கிறது, கிருமி ரத்தத்தில் இறங்கியிருக்கலாம் என்று முதலில் சந்தேகப்படுங்கள். சந்தேகம் பொய்யாகிப் போனால் ஒரு ஆட்டோ செலவோடு போயிற்று.

உடம்பு ஏன் இப்படிச் செய்கிறது? கிருமி தாக்கியதும் உடம்பு போர்க்கோலம் பூணுகிறது. அட்ரினலின், கார்ட்டிசால், குளுக்ககான் என்று ஹார்மோன்கள் சுரந்து, சேமித்து வைத்த சர்க்கரையை எல்லாம் ரத்தத்தில் கொட்டும்படி கல்லீரலை விரட்டுகின்றன. அதே நேரத்தில் அழற்சிப் பொருட்கள் இன்சுலினை வேலை செய்ய விடுவதில்லை. சதைக்குள் போக வேண்டிய சர்க்கரை ரத்தத்திலேயே தேங்குகிறது. ஒரு வாய் சோறு இறங்காவிட்டாலும் சுகர் 300, 400 என்று ஏறுவது இப்படித்தான். வாலிபத்தில் கணையம் ஓவர்டைம் பார்த்துச் சமாளித்துவிடும். எழுபதைத் தாண்டிய கணையத்துக்கு அந்தத் தெம்பு இருக்காது.

ஏறிய சர்க்கரை சும்மாவும் இருப்பதில்லை. கிருமியை விழுங்க வேண்டிய வெள்ளையணுக்கள் மந்தமாகின்றன. தாக்கப்பட்ட இடத்துக்கு ஓடி வருவதும் தாமதம், வந்த பிறகு கொல்வதும் தாமதம். ரத்தக் குழாய்களின் உட்சுவர் புண்படுகிறது. எல்லாவற்றையும்விடக் கண்ணுக்குத் தெரிவது ஒன்று உண்டு. அளவு மீறிய சர்க்கரை சிறுநீரில் இறங்கும்போது தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. நாக்கு மரக்கட்டையாக வறளும், கண் குழி விழும், பி.பி. சரியும், கிட்னி படுக்கும். ரத்தத்தில் கிருமி இருப்பவருக்கு ஏற்கெனவே பி.பி. இறங்கிக்கொண்டிருக்கும். அதன் மேல் இதுவும் சேர்ந்தால் வயதான இதயம் எவ்வளவுதான் தாங்கும்?

கிருமித் தொற்று ஏற்பட்டு, அதை எதிர்க்கும் உடம்பே நிலைதவறி, தன் உறுப்புகளைத் தானே கெடுத்துக்கொள்ளும் நிலைக்கு செப்சிஸ் என்று பெயர். 2020 ஜனவரியில் லான்செட் இதழில் வந்த கணக்கின்படி 2017-ல் மட்டும் உலகத்தில் 4 கோடியே 89 லட்சம் பேருக்கு செப்சிஸ் வந்தது. 1 கோடியே 10 லட்சம் பேர் இறந்தார்கள். உலகத்தில் நடக்கும் ஐந்து மரணங்களில் ஒன்று இதனோடு சம்பந்தப்பட்டது. ஆனால் நம் ஊர் துக்க வீடுகளில் இந்தப் பெயரைக் கேட்டிருக்கிறீர்களா? "வயசாயிடுச்சு, ரெண்டு நாள் படுத்தாங்க, போயிட்டாங்க" என்பார்கள். "சுகர் ஏறிப் போச்சு" என்பார்கள்.

நமக்கோ சுகர் பழகிப்போன சொல். ஐ.சி.எம்.ஆர். நடத்திய, 2023-ல் வெளியான இந்தியா முழுவதற்குமான ஆய்வு, நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். அநேகமாக எல்லாத் தெருவிலும் ஒரு குளுக்கோமீட்டர் இருக்கிறது. அந்தப் பழக்கம்தான் இங்கே ஆபத்தாகிறது. எண் ஏறினால் என்ன செய்வோம்? முதல் வேலையாகத் திட்டுவோம். "திருட்டுத்தனமா ஸ்வீட் சாப்பிட்டீங்களா?" "நேத்து மாம்பழம் எத்தனை துண்டு உள்ள போச்சு?" காய்ச்சலோ நீர்க்கடுப்போ உள்ளே எரிந்துகொண்டிருக்கும் மனுஷர், செய்யாத திருட்டுக்குத் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார். வழக்கமாக 150, 160-ல் இருப்பவருக்கு அதே சாப்பாடு, அதே மாத்திரையில் 300 வருகிறது என்றால் திட்டாதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு மறுபடி குத்திப் பாருங்கள். பழம் தொட்ட விரல் பொய் சொல்லும். மறுபடியும் அதே எண் என்றால், ஆளைப் பாருங்கள்.

ஆளைப் பார்ப்பது என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது மட்டும் போதாது. பெரியவர்களுக்குக் கிருமி ரத்தத்தில் இருந்தாலும் காய்ச்சல் அடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கடுமையான தொற்று வந்த முதியவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குக் காய்ச்சல் வராமலோ, வந்தும் வராதது போலவோ இருந்துவிடுகிறது. சிலருக்கு உடம்பு குளிர்ந்துபோகும். அது இன்னும் மோசம். அவர்களுக்கு 100 டிகிரியே காய்ச்சல்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாடித் துடிப்பையும் முழுதாக நம்ப முடியாது. பி.பி.க்கு மெட்டோபுரோலால், அட்டினோலால் போன்ற மாத்திரை போடுகிறவருக்குத் துடிப்பு ஏற வேண்டிய நேரத்திலும் ஏறாது.

ஏமாற்றாதது மூச்சு. அவர் அமைதியாகப் படுத்திருக்கும்போது, சொல்லாமல், வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 22 அல்லது அதற்கு மேல் என்றால் அபாயம். அடுத்தது பேச்சு. இன்று என்ன கிழமை, பேரன் பெயர் என்ன என்று கேட்டுப் பாருங்கள். நேற்று வரை தெளிவாக இருந்தவர் இன்று உளறினால் அது வயதின் மறதி இல்லை. மறதி ஒரே ராத்திரியில் வராது. மூன்றாவது, மேல் பி.பி. 100 அல்லது அதற்குக் கீழ் இருப்பது. இந்த மூன்றில் இரண்டு சேர்ந்தால் ஆபத்து அதிகம் என்று 2016-ல் செப்சிஸுக்குப் புது வரையறை எழுதிய நிபுணர்கள் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு சேரும்வரை காத்திருக்கச் சொல்லவில்லை. வயதானவரிடம் ஒன்று தெரிந்தாலே கிளம்ப வேண்டும் என்பது என் கட்சி. காரணம் இல்லாமல் கீழே விழுவது, திடீரென்று படுக்கையிலேயே சிறுநீர் போவது, பாதி நாளாக ஒரு சொட்டுக்கூடப் போகாமல் இருப்பது இவையும் அதே ஜாதி அறிகுறிகள்தான்.

இன்னொரு விஷயம். பல குளுக்கோமீட்டர்களில் 600-க்கு மேல் எண் காட்டாது. 'ஹை' என்று பொருள்படும் இரண்டு ஆங்கில எழுத்து மட்டும் வரும். மெஷின் ரிப்பேர் என்று நினைத்து ஓரமாக வைத்துவிட்டவர்களை எனக்குத் தெரியும். அது ரிப்பேர் இல்லை. அப்படி வந்தால் அடுத்த நிமிடம் வண்டி வரவழைக்க வேண்டும்.

பெரியம்மாவுக்கு வருவோம். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய நாள் மெடிக்கலில் 'உடம்பு வலி, அசதி' என்று சொல்லி அண்ணன் செட் மாத்திரை வாங்கிவந்திருந்தார். காகிதத்தில் மடித்த நான்கு மாத்திரை, வேளைக்கு ஒரு செட். அதில் ஒன்று ஆன்டிபயாடிக்காக இருந்திருக்கலாம். என்னவென்று கடைசி வரை தெரியவில்லை. இப்படி அரைகுறையாகப் போடும் ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்லாது. ஆஸ்பத்திரியில் ரத்தத்தை எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர் பரிசோதனையில் அது சிக்காமல் ஒளிந்துகொள்ள மட்டும் உதவலாம். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று தெரியாமல் டாக்டர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு போராட வேண்டிவரும்.

அடுத்த நாள் காலை பக்கத்து கிளினிக். "ரொம்ப அசதியா இருக்காங்க, ஒரு குளுக்கோஸ் பாட்டில் போட்டுவிடுங்க" என்று கேட்டதே நம் ஆட்கள்தான். போட்டுவிட்டார்கள். போடும் முன் விரலில் குத்திச் சுகர் பார்க்கவில்லை. அரை லிட்டர் ஐந்து சதவீத குளுக்கோஸ் பாட்டிலில் 25 கிராம் சர்க்கரை இருக்கிறது, ஐந்து ஸ்பூன். அந்தப் பாட்டில்தான் அவரைக் கொன்றது என்று சொல்ல மாட்டேன். சுகர் இறங்கி மயங்கியவருக்கு அதே பாட்டில் உயிர் கொடுக்கும். ஆனால் எது என்று தெரிந்துகொள்ள ஒரு சொட்டு ரத்தமும் ஒரு நிமிடமும் போதுமே! டிரிப்ஸ் ஏறியதும் முகம் கொஞ்சம் தெளிந்தது போல இருந்ததாம். அந்தத் தெளிவை நம்பி ஒரு பகல் முழுக்க வீட்டிலேயே போய்விட்டது. வயதானவருக்கு டிரிப்ஸ் போடச் சொல்லிக் கேட்பதற்கு முன் "சுகர் பாத்தாச்சா, பி.பி. பாத்தாச்சா" என்று கேளுங்கள். தெம்பு ஊசி என்று கேட்டு வாங்கிப் போடுவதை அறவே விடுங்கள். என்ன மருந்து என்று தெரியாமல் போடும் ஊசியில் ஸ்டீராய்டு இருந்தால் காய்ச்சலை மறைக்கும், சுகரை ஏற்றும். 2021 கொரோனா அலையில் ஸ்டீராய்டும் கட்டுப்படாத சுகரும் கைகோத்தபோது கறுப்புப் பூஞ்சை எத்தனை கண்களைப் பறித்தது என்பதை மறந்துவிட்டோமா?

பகல் முழுக்கப் போனது ஏன் பெரிய விஷயம் என்றால், இந்த நோயில் நேரம்தான் மருந்து. செப்சிஸ் முற்றி பி.பி. விழுந்துவிட்டவர்களுக்குச் சரியான ஆன்டிபயாடிக் தர ஒவ்வொரு மணி நேரம் தாமதமாகும்போதும் பிழைக்கும் வாய்ப்பு சராசரியாக 7.6 சதவீதம் குறைந்தது என்று கனடா, அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பதிவுகளை வைத்து 2006-ல் கணக்கிட்டார்கள். ஹார்ட் அட்டாக் என்றால் செருப்புக்கூடப் போடாமல் ஓடுகிறோம். இதற்கும் அதே ஓட்டம் வேண்டும்.

"எங்கம்மாவுக்கு சுகரே கிடையாது, ஏதோ மெஷின் கோளாறு" என்பவர்களுக்குத்தான் நான் குரலை உயர்த்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் அட்லாண்டாவில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்த இரண்டாயிரத்துச் சொச்சம் பேரின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். தொற்று வந்தவர்கள் மட்டுமில்லை, எல்லா வகை நோயாளிகளும் அதில் உண்டு. சுகர் சரியாக இருந்தவர்களில் இறந்தவர்கள் 1.7 சதவீதம். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களில் 3 சதவீதம். முன்பு சர்க்கரை நோய் இல்லாமல், ஆஸ்பத்திரியில்தான் புதிதாகச் சுகர் ஏறியவர்களில் 16 சதவீதம்! பழைய சர்க்கரை நோயாளியின் உடம்பு உயர்ந்த சுகருக்கு ஓரளவு பழகியிருக்கும். இல்லாதவருக்கு ஏறுகிறது என்றால் உள்ளே நடக்கும் சண்டை அவ்வளவு உக்கிரம் என்று அர்த்தம்.

சரி, அப்படியானால் சுகரை அடித்து இறக்கிவிட்டால் பிழைத்துவிடுவார்களா? எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். 2001-ல் பெல்ஜியத்தின் லூவன் நகரில் அறுவை சிகிச்சை ஐ.சி.யூ.வில் இன்சுலினை விடாமல் ஏற்றிச் சுகரை 80-க்கும் 110-க்கும் நடுவே இறுக்கிப் பிடித்தார்கள், ஐ.சி.யூ. மரணம் 8 சதவீதத்திலிருந்து 4.6 ஆகக் குறைந்தது. உலகமே அதைப் பின்பற்றத் தொடங்கியது. 2009-ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா உள்ளிட்ட நாடுகளில் ஆறாயிரம் பேருக்கு மேல் சேர்த்து நடத்திய நைஸ்-சுகர் ஆய்வு வந்து எல்லோரையும் நிறுத்தியது. இறுக்கிப் பிடித்தவர்களில் 27.5 சதவீதம் பேரும், 180-க்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டவர்களில் 24.9 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். இறுக்கியதில் பலருக்குச் சுகர் அதலபாதாளத்துக்கு இறங்கியது. சுகர் ஒரு சாட்சி, கொஞ்சம் உடந்தையும்கூட. முதல் குற்றவாளி கிருமிதான். சாட்சியை மட்டும் அடித்து மௌனமாக்கினால் குற்றவாளி தப்பிவிடுவான்.

அதனால் ஐ.சி.யூ. வாசலில் நிற்கும் குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. "சுகர் இன்னும் 170 இருக்கே, ஏன் டாக்டர் இறக்கல?" என்று சண்டை போடாதீர்கள். 180-ஐத் தொட்டால் இன்சுலின் தொடங்கி, 144 முதல் 180-க்குள் வைத்திருப்பதுதான் செப்சிஸுக்கான சர்வதேச வழிகாட்டுதல். நீங்கள் கேட்க வேண்டியவை வேறு: பிளட் கல்ச்சர் எடுத்தாச்சா, ஆன்டிபயாடிக் எத்தனை மணிக்குத் தொடங்கியது, கிருமி எங்கேயிருந்து கிளம்பியது, சிறுநீர் எவ்வளவு போகிறது. வீட்டிலிருந்து கொண்டுபோன சுகர் மாத்திரையைத் தலையணைக்கடியில் வைத்துக் கொடுக்கும் வேலையும் வேண்டவே வேண்டாம்.

வீட்டு மாத்திரைகளைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். சாப்பிடாமல் படுத்திருப்பவருக்கு கிளிமிபிரைடு கொடுத்தால் சுகர் சடாரென்று கீழே விழும். வாந்தி, வயிற்றுப்போக்கு, தண்ணீர் வற்றிய நிலையில் கிட்னி தளரும்போது மெட்ஃபார்மின் ரத்தத்தில் அமிலம் சேரக் காரணமாகலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று இப்போது நிறையப் பேர் போடுகிறார்களே, அவை இன்னும் சூட்சுமமானவை. காய்ச்சலும் பட்டினியுமாக இருக்கும்போது தொடர்ந்தால் சுகர் பெரிதாக ஏறாமலேயே கீட்டோன் அமிலம் கூடி ஆளைச் சாய்த்துவிடும். மெஷினில் 190 காட்டுகிறது, பயமில்லை என்று நாம் உட்கார்ந்திருப்போம். அதற்காக எல்லாவற்றையும் நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது; முக்கியமாக இன்சுலின் ஊசி போடுகிறவர் சாப்பிடவில்லை என்று அதை அடியோடு விட்டால் விபரீதம். உடம்பு முடியாத நாளில் எதை நிறுத்துவது, எதைக் குறைப்பது, எதைத் தொடர்வது என்று நன்றாக இருக்கும்போதே உங்கள் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கி வையுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கும் பணியாளரிடமும் இதைக் கேட்கலாம்.

கிருமி எந்த வழியாக வருகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் நம் கண்ணெதிரே இருக்கும் வழிதான். நீர்க்கடுப்பு, புராஸ்டேட் அடைப்பு, சளி, பித்தப்பை, படுக்கைப் புண். அப்புறம் கால். பெரியவரை உட்கார வைத்து விரல் இடுக்குகளை விரித்துப் பாருங்கள். சர்க்கரையில் உணர்ச்சி மரத்த காலில் முள் ஏறினாலும் தெரியாது. மழைக்காலத்தில் சேற்றுத் தண்ணீரிலும் வயலிலும் கால் வைக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கு மெலியாய்டோசிஸ் என்ற மண் கிருமித் தொற்றும் வரும்; தமிழ்நாட்டிலும் அது இருக்கிறது. வெறும் காலோடு இறங்க விடாதீர்கள். அம்மாவிடம் நீர்க்கடுப்பு பற்றிக் கேட்க மகனுக்குக் கூச்சமாக இருக்கலாம். மருமகளிடமோ மகளிடமோ சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள். பெரியம்மா மூன்று நாளாக எரிச்சலோடு இருந்திருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. வேலைக்கு வந்த அக்காவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். எங்களுக்கு அது தெரிந்தது பதினாறாம் நாள் காரியத்தில்.

ஒரு நாள் முன்னால் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று அண்ணன் இன்னமும் கேட்கிறார். எனக்குப் பதில் தெரியாது.

உங்கள் வீட்டில் எழுபதைத் தாண்டியவர் இருந்தால் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். அவர் போடும் மாத்திரைகளின் பெயர், வழக்கமான சுகர் அளவு, வழக்கமான பி.பி., நன்றாக இருக்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதை ஒரு தாளில் எழுதி குளுக்கோமீட்டர் டப்பாவுக்குள் மடித்து வையுங்கள். அதே தாளில் பெரிய எழுத்தில் 108 என்றும் எழுதி வையுங்கள்.